சர்க்கரைவள்ளிக் கிழங்குல பூச்சி: கொடி வெட்டுறதுலேர்ந்து கிழங்கு தோண்டுற வரைக்கும் எதை எப்போ செய்யணும்

புதுசா சர்க்கரைவள்ளி போடுறவங்க பெரும்பாலும் ஒரே மாதிரி தான் மாட்டிக்கிறாங்க. கொடி பச்சைப்பசேல்னு படர்ந்திருக்கும், இலையில ரெண்டு ஓட்டையைப் பாத்துட்டு பதறி மருந்தடிப்பாங்க, அப்புறம் தோண்டும்போது பாத்தா கிழங்கு பூரா துளை, உள்ள கறுப்பா சுரங்கம், வேகவச்சா வாயில வைக்க முடியாத கசப்பு. அந்த நேரத்துல வந்து "என்ன அடிக்கலாம்"னு கேட்டா பதில் கிடையாது. புழு கிழங்குக்குள்ள உக்காந்திருக்கு, மேல அடிக்கிற எதுவும் அதைத் தொடாது.

இந்தப் பயிர்ல பூச்சி வேலை முக்கால்வாசி நடவுக்கு முன்னாடியும், நட்ட முதல் ரெண்டு மாசத்துலயும் முடிஞ்சிடணும். கீழ உள்ள வரிசையை மாத்தாம செய்யுங்க, ஒண்ண விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா அந்த அடுத்தது பாதி தான் வேலை செய்யும்.

1. முன்னாடியே கையில இருக்க வேண்டியது

கொடி வெட்ட நல்ல கூரான கத்தி, ஒரு பழைய வெள்ளை வேட்டியோ துணியோ (எதுக்குன்னு நாலாவதுல சொல்றேன்), கொடியை நனைக்க அகலமான தொட்டி, ரப்பர் கையுறை, மண்வெட்டி, கூன்வண்டுக்கான (கிழங்கைத் துளைக்கிற முக்கியப் பூச்சி, அடுத்ததுல சொல்றேன்) இனக்கவர்ச்சி மாத்திரையும் பொறியும் (வாசனை காட்டி வண்டைப் பிடிக்கிறது, விவரம் ஏழாவதுல), ஒரு டார்ச், ஒரு நோட்டு. மாத்திரையை நடவுக்கு முன்னாடியே வாங்கி வச்சுடுங்க, வண்டு வந்தப்புறம் தேடினா கிடைக்கிறதுக்குள்ள ஒரு தலைமுறை முட்டை போட்டு முடிச்சிருக்கும்.

பூச்சிமருந்து வாங்குறதா இருந்தா லேபிள்ல சர்க்கரைவள்ளி பேர் இருக்கான்னு பாருங்க. உருளைக்கிழங்குக்குன்னு போட்டிருக்கிறதை "ரெண்டும் கிழங்கு தானே"ன்னு அடிக்கிறவங்க நிறைய பேர். ரெண்டும் வேற வேற குடும்பத்துச் செடி, வர்ற பூச்சியும் வேற, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்ங்கிற கணக்கும் வேற.

2. எது கடிச்சதுன்னு முதல்ல பாருங்க

போன தடவை போட்ட பயிரோ பக்கத்து வயல் பயிரோ இருந்தா ஒரு பத்து கிழங்கை எடுத்து வச்சு உக்காந்து பாருங்க. துளையைப் பாத்தாலே ஆளைச் சொல்லிடலாம்.

கூன்வண்டு தான் முதல் எதிரி. மூக்கு வண்டுன்னும் சொல்வாங்க, அறிவியல் பேரு சைலஸ் ஃபார்மிகேரியஸ். ஆப்பிரிக்காவுல இதே சைலஸ் இனத்துல இன்னும் ரெண்டு வகை இருக்கு, ஆனா மூணுக்கும் வேலை ஒரே மாதிரி தான். வளர்ந்த வண்டு 6 லேர்ந்து 8 மில்லிமீட்டர் நீளம், தலையும் முதுகும் கருநீலமா மின்னும், நடுவுல கழுத்து மாதிரி இருக்கிற பாகமும் காலும் செம்மஞ்சள். பாத்த உடனே எறும்புன்னு தான் நினைப்பீங்க, நிறைய பேர் அப்படித்தான் விட்டுடறாங்க. சந்தேகமா இருந்தா ஒரு குச்சியால தொட்டுப் பாருங்க, எறும்பு ஓடும், இது காலை மடக்கிக்கிட்டு செத்த மாதிரி கீழ விழுந்து கிடக்கும். உத்துப் பாத்தா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற மூக்கும் தெரியும்.

கிழங்குத் தோல்ல சின்னச் சின்ன குழியா இருக்கும். அதுல திறந்து கிடக்கிற குழி வண்டு சாப்பிட்டது. குழி வாயை அடைச்ச மாதிரி கருஞ்சாம்பல் நிறத்துல ஒரு மூடி இருந்தா அது முட்டை வச்ச இடம், பெண் வண்டு ஒவ்வொரு குழியிலயும் ஒரே ஒரு முட்டையை வச்சுட்டு தன் எச்சத்தாலயே பூசி மூடிட்டுப் போயிடும். வெட்டிப் பாத்தா வளைஞ்சு வளைஞ்சு போற சுரங்கம், அது பூரா எச்சம், கால் இல்லாத வெள்ளைப் புழு, தலை மட்டும் பழுப்பு.

மத்ததெல்லாம் வேற மாதிரி. நேரா ஆழமா ஆணி அடிச்ச மாதிரி சுத்தமான துளை, உள்ள எச்சம் இல்லன்னா கம்பிப்புழு. அகலமா மேலாப்புல சுரண்டின பள்ளம்னா வெள்ளை வேர்ப்புழு. பல் தடம் ஜோடி ஜோடியா இருந்தா எலி, அதுக்கு இந்தக் கட்டுரையில வேலை இல்ல.

இதைப் பிரிச்சுப் பாக்கிறதுக்கு காரணம் இருக்கு. கூன்வண்டுக்கு செய்ற வேலை கம்பிப்புழுவைத் தடுக்காது, கம்பிப்புழு இருக்கிற நிலத்துல பொறி வச்சு உக்காந்தா காசு தான் போகும்.

3. நிலத்தையும் சுத்துப்பக்கத்தையும் காலி பண்ணுங்க

போன வருஷம் சர்க்கரைவள்ளி இருந்த நிலத்துலயே திரும்ப போடாதீங்க. தோண்டினப்புறம் மண்ணுக்குள்ள தங்கின துண்டுக் கிழங்கும், அதுலேர்ந்து தானா முளைச்ச கொடியும் தான் வண்டுக்கு வீடு. நடுவுல நெல்லோ சோளமோ பயறோ ஏதாவது ஒரு பயிர் எடுத்துட்டு வாங்க. முடிஞ்சா பழைய வயலுக்கு ஒட்டின நிலத்தையும் தவிர்த்துடுங்க, இந்த வண்டு பெரும்பாலும் நடந்து தான் போகும், அதுலயும் பெண் வண்டு பறக்கிறது ரொம்பக் குறைவு, அதனால தூரம் நமக்கு சாதகம்.

ரொம்ப நாளா புல்லு மண்டிக் கிடந்த நிலத்தை உழுத உடனே சர்க்கரைவள்ளி நடறதும் தப்பு. புல்வேர்ல வளர்ந்த கம்பிப்புழுவும் வேர்ப்புழுவும் அங்கயே பசியோட காத்திருக்கும். அப்படி நிலம்னா ரெண்டு மூணு தடவை நல்லா உழுது வெயில் காய விடுங்க, கிளர்ற புழுவைப் பறவைங்க பொறுக்கிடும், முதல் வருஷம் வேற பயிர் போடுங்க.

அடுத்து வேலி ஓரம். இதைத் தான் யாரும் பாக்கிறதில்ல. கூன்வண்டு சர்க்கரைவள்ளியில மட்டும் வாழல, அதோட சொந்தக்காரச் செடி எல்லாத்துலயும் வாழும். வாய்க்கால் ஓரம் ரோஸ் கலர்ல புனல் மாதிரி பூக்கிற நெய்வேலிக் காட்டாமணக்கு, கடற்கரைப் பக்கம் அடம்பு, வேலியில ஏர்ற காட்டுக் கொடிங்க, அந்தக் குடும்பத்துல புனல் பூ பூக்கிற எதுவா இருந்தாலும் சந்தேகப்படுங்க. நடவுக்கு ஒரு மாசம் முன்னாடியே வெட்டி அப்புறப்படுத்தணும். நட்டப்புறம் வெட்டினா அங்க இருந்த வண்டு பட்டினியில நேரா உங்க வயலுக்குத் தான் நடக்கும், அதனால இந்த வேலைக்கு நேரம் ரொம்ப முக்கியம்.

4. கொடியை எந்த இடத்துல வெட்டறீங்க

என்னைக் கேட்டா இந்தப் பயிர்ல ஒரே ஒரு வேலைய தான் ஒழுங்கா செய்ய முடியும்னா இதைச் செய்யுங்கன்னு சொல்வேன்.

வண்டு புது நிலத்துக்கு வர்ற முக்கியமான வழியே நம்ம கையால நடற கொடி. பெண் வண்டுக்கு கிழங்கு கிடைக்காத காலத்துல கொடியோட அடிப்பாகத்துல, முத்திப்போன தண்டுல முட்டை வைக்கும். அந்த முத்தின துண்டை வெட்டி நட்டா முட்டையையும் புழுவையும் சேத்து நட்டாச்சு.

அதனால நுனிக் கொடி மட்டும். கொழுந்துலேர்ந்து அளந்து 25 லேர்ந்து 30 சென்டிமீட்டர், அதோட நிறுத்திடணும். கொடி பத்தலன்னு அதே கொடியில ரெண்டாவது துண்டு, மூணாவது துண்டுன்னு அடியை நோக்கிப் போறாங்க பாருங்க, அங்க தான் எல்லாம் கெடுது. கொடி பத்தலன்னா கம்மியான இடத்துல நடுங்க, இல்ல ரெண்டு மூணு மாசம் முன்னாடியே தனியா ஒரு நாத்துப்பாத்தி போட்டு கொடி பெருக்கிக்கோங்க. அந்தப் பாத்தியும் பழைய வயலைவிட்டு தள்ளி இருக்கணும், அதுலயும் பொறி வைக்கணும். ஏற்கனவே கிழங்கு இறங்கி முத்தின வயல்லேர்ந்து கொடி எடுக்கிறதை முழுசா விட்டுடுங்க, இலவசமா கொடுத்தாலும் வேண்டாம்.

வெட்டின கொடியைக் கட்டுக் கட்டா கட்டறதுக்கு முன்னாடி வெள்ளைத் துணியை விரிச்சு அதுமேல உதறுங்க. இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற வண்டு கீழ விழுந்து அசையாம கிடக்கும், வெள்ளைத் துணியில கருநீலம் பளிச்னு தெரியும். ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்க, விழுந்தது செத்ததுன்னு நினைச்சு துணியை மடிச்சிடாதீங்க, கொஞ்ச நேரத்துல கால் நீட்டி நடக்க ஆரம்பிக்கும். அப்படியே சில கொடியோட வெட்டுமுனையையும் பாருங்க, உள்சோறு வெள்ளையா இருக்கணும், பழுப்பா ஒரு புள்ளி இருந்தா கொஞ்சம் மேல வெட்டிப் பாருங்க, புள்ளி தொடர்ந்துச்சுன்னா அந்தக் கொடி வேண்டாம்.

இன்னொரு விஷயம், இலை சுருங்கி, சின்னதா, வெளுத்துப் போய், செடி குட்டையா இருக்கிற தாய்ச்செடியிலேர்ந்து ஒரு கொடி கூட எடுக்காதீங்க. அது வைரஸ், அது பத்தி 9-ல.

5. நனைச்சு, ஆழமா நடுங்க

உதறின கொடியில கண்ணுக்குத் தெரியாம முட்டை இருந்தா அதுக்குத் தான் நனைக்கிறது. வழி ரெண்டு. ஒண்ணு, லேபிள்ல இந்தப் பயிருக்கு கொடி நனைக்கலாம்னு போட்டிருக்கிற பூச்சிமருந்து, அதுல எழுதியிருக்கிற அளவு, அதுல எழுதியிருக்கிற நேரம். ரெண்டாவது, பியூவேரியா பேசியானாங்கிற பூஞ்சாணம் கலந்த தண்ணி, இது வண்டோட தோல் வழியா உள்ள போய் அதைக் கொல்லும். பூஞ்சாணம்னா அது உயிரோட இருக்கிற சரக்கு, காலாவதி தேதி பாக்கணும், வெயில்ல வைக்கக்கூடாது, அதோட பூஞ்சாணக்கொல்லி கலந்தா நீங்களே அதைக் கொன்னுட்டீங்க.

அடிமுனையை மட்டும் முக்கி எடுத்தா பத்தாது, மொத்தக் கொடியும் முழுகணும். அப்புறம் நிழல்ல தண்ணி வடிய விட்டு நடுங்க. கையுறை இல்லாம இந்த வேலையைச் செய்யாதீங்க, ஈரக்கொடியை மணிக்கணக்கா கையில பிடிச்சு நடற வேலை இது.

நடும்போது குறைஞ்சது மூணு கணு மண்ணுக்குள்ள போகணும், பார் (கொடி நடற மண்மேடு) உயரமா அகலமா இருக்கணும். கிழங்கு ஆழமா இறங்குற ரகமும் சீக்கிரம் விளையுற ரகமும் கிடைச்சா அதையே எடுங்க. நீளமா நாள் பிடிக்கிற ரகம்னா வண்டுக்கு ஒரு தலைமுறை கூடுதலா கிடைக்குது, இது முட்டையிலேர்ந்து வண்டா வெளிய வர வெதுவெதுப்பான காலத்துல கிட்டத்தட்ட ஒரு மாசம் தான் ஆகுது, ஒரு பெண் வண்டு தன் ஆயுசுல நூறு முட்டைக்கு பக்கத்துலயோ அதுக்கு மேலயோ வைக்கும். நாலு மாசப் பயிருக்கும் ஆறு மாசப் பயிருக்கும் வித்தியாசம் எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

6. மண் அணைக்கிறதும் வெடிப்பும்

கூன்வண்டுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. இதை மனசுல வச்சுக்கிட்டா மீதி வேலை எல்லாம் தானா புரியும். அது கிழங்கைத் தொடணும்னா ரெண்டே வழி, கிழங்கு மண்ணுக்கு மேல தலை நீட்டிக்கிட்டு இருக்கணும், இல்ல மண்ணுல வெடிப்பு இருக்கணும். (மூணாவதா கொடி வழியா புழு கீழ இறங்குறதும் உண்டு, அதுக்குத் தான் நாலும் அஞ்சும்.)

கிழங்கு பெருக்க ஆரம்பிச்சதும் சுத்தியிருக்கிற மண்ணைப் பிளந்துக்கிட்டு வரும். தண்ணி குறைஞ்சு மண் காய்ஞ்சா அந்தப் பிளவு விரல் போற அளவுக்கு ஆகிடும். பகல்ல வண்டு அதுக்குள்ள போய் நிழல்ல உக்காந்துக்கும், அங்கயே கிழங்கு, அங்கயே முட்டை.

நட்டு ஒரு மாசத்துல ஒரு தடவை, ரெண்டு மாசத்துல ஒரு தடவை மண் அணைங்க. முதல் தடவை களை எடுக்கிறதோட சேர்த்து செஞ்சிடலாம். ரெண்டாவது தடவை கொடி படர்ந்துடும், அதைத் தூக்கி ஓரமா புரட்டிப் போட்டு பார் ரெண்டு பக்கமும் மண்ணை ஏத்தி, செடியோட கழுத்து மூடுற மாதிரி அமுக்கணும். சும்மா மண்ணைத் தூவிட்டுப் போனா ஒரு தண்ணிக்கு கரைஞ்சிடும். மண் கொஞ்சம் ஈரமா இருக்கிற நாள்ல செய்ங்க, காய்ஞ்ச கட்டி மண்ணை வச்சு அணைச்சா கட்டிக்கு நடுவுல சந்து இருக்கும், வண்டுக்கு அது போதும்.

அதுக்கப்புறம் தண்ணி. பெரிய தப்பு எங்கன்னா, கடைசி மாசத்துல "கிழங்கு இறங்கிடுச்சு, இனி தண்ணி எதுக்கு"ன்னு நிறுத்திடறாங்க, சரியா அப்போ தான் கிழங்கு பெருசா இருக்கு, மண்ணு வெடிக்குது, வண்டு எண்ணிக்கையும் உச்சத்துல இருக்கு. வெடிப்பு வராத அளவுக்கு லேசா தண்ணி விட்டுக்கிட்டே இருங்க. தேங்க விடாதீங்க, அழுகிடும். களிமண் நிலம்னா வைக்கோலோ இலைதழையோ மூடாக்கு போடுங்க, ஈரமும் நிக்கும், வெடிப்பும் குறையும். தண்ணிக்கு வழியே இல்லாத மானாவாரி நிலம்னா மழை முடியறதுக்கு முன்னாடி தோண்டுற மாதிரி நடவு நாளைப் பின்னாலேர்ந்து எண்ணி வச்சுக்கோங்க.

7. பொறி

இனக்கவர்ச்சி மாத்திரைங்கிறது பெண் வண்டோட வாசனையைச் செயற்கையா செஞ்சு ஒரு ரப்பர் குமிழ்ல ஏத்தினது. கொஞ்சூண்டு இருந்தாலே ஆண் வண்டு தூரத்துலேர்ந்து தேடி வரும். பெண் வண்டு வராது. இங்க தான் ஏமாறாங்க, "பொறியில நூத்துக்கணக்குல விழுது, ஆனா கிழங்குல துளை குறையல"ன்னு. ஏற்கனவே இணை சேர்ந்த பெண் வண்டு பாட்டுக்கு முட்டை வச்சுக்கிட்டு தான் இருக்கும். அதனால பொறியை நட்ட உடனே வைக்கணும், ஆண்களைக் குறைச்சு இணைசேரலையே குறைக்கிறது தான் நோக்கம். மூணாவது மாசத்துல வச்சா எண்ணிப் பாக்க மட்டும் தான் உதவும்.

பொறியை நீங்களே செய்யலாம். பழைய பிளாஸ்டிக் கேன்ல பக்கவாட்டுல ரெண்டு மூணு சன்னல் வெட்டி, அடியில சோப்புத்தண்ணி ஊத்தி, மூடியிலேர்ந்து கம்பியில மாத்திரையைத் தண்ணிக்கு மேல தொங்க விடுங்க. சோப்பு எதுக்குன்னா வெறும் தண்ணியில வண்டு மிதந்து ஏறி வெளிய வந்துடும். பொறி இலைப்பரப்புக்கு கொஞ்சம் மேல நிக்கணும், கொடி வளர வளர உயர்த்திக் கட்டணும், இல்லன்னா இலை மூடி சன்னல் அடைஞ்சிடும். எத்தனை பொறி, மாத்திரையை எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தறதுன்னு பாக்கெட்ல போட்டிருக்கிறதை அப்படியே செய்ங்க. பயன்படுத்தாத மாத்திரை ஃபிரிட்ஜ்ல இருக்கட்டும். தீர்ந்த மாத்திரையை வயல்ல தூக்கிப் போடாதீங்க, மிச்ச வாசனை வண்டை வேற பக்கம் இழுக்கும்.

வாராவாரம் விழுந்ததை எண்ணி நோட்டுல எழுதுங்க. ஒரு வாரத்து எண்ணிக்கையை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, ஏறுதா இறங்குதாங்கிறது தான் கணக்கு.

பொறி மட்டும் வச்சு இந்த வண்டை ஒழிக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஜப்பான்ல குமேன்னு ஒரு தீவுல இதை முழுசா ஒழிச்சதா 2013-ல அறிவிச்சாங்க, அது தீவு, வெளியிலேர்ந்து வண்டு வர வழியில்ல, அங்கயும் வாசனையோட மருந்தும் வச்சு, மலடாக்கின வண்டுகளை வருஷக்கணக்கா கொண்டு வந்து விட்டு தான் முடிஞ்சுது.

8. வாரம் ஒரு நடை

பகல்ல ஒரு தடவை போனீங்கன்னா பத்துப் பதினைஞ்சு செடியோட கழுத்தைத் தொட்டுப் பாருங்க. அடித்தண்டு தடிச்சு, தோல் வெடிச்சு, உருக்குலைஞ்சு இருந்தா ஒண்ணை நெடுக்குல பிளந்து பாருங்க, உள்ள பழுப்புச் சுரங்கம் இருந்தா கூன்வண்டுப் புழு. அந்தச் செடியைக் கிழங்கோட பிடுங்கி வெளிய கொண்டு போயிடுங்க.

ராத்திரி ஒரு தடவை டார்ச் எடுத்துட்டுப் போங்க. வண்டு இருட்டினதும் தான் வெளிய வரும். பகல்ல மட்டும் பாத்துட்டு "என் வயல்ல ஒண்ணுமில்ல"ன்னு சொல்றவங்க ராத்திரி ஒரு நாள் போய்ப் பாத்தா பேச மாட்டாங்க.

எறும்பு நிறைய இருந்தா சந்தோஷப்படுங்க. கியூபாவுல தலைபெருத்த எறும்புகளை வாழைத்தண்டுல குடியேற வச்சு, தண்டோட தூக்கிட்டுப் போய் சர்க்கரைவள்ளி வயல்ல விடுறது ஒரு முறையாவே நடந்திருக்கு, வண்டையும் புழுவையும் அதுங்க தின்னும். மண்ணுமேல எல்லாத்தையும் கொல்ற மருந்தைக் கொட்டினா முதல்ல போறது இந்த எறும்பும் சிலந்தியும் தான்.

9. இலைப் பூச்சி, சாறு உறிஞ்சுற பூச்சி

இலையைத் தின்றதுல பலதும் உண்டு. ஆமை வண்டு, உருண்டையா, சிலது தங்கம் மாதிரி மின்னும், அதோட புழு முள்ளு முள்ளா இருந்து தன் எச்சத்தையும் உரிச்ச தோலையும் வால்ல தூக்கிக்கிட்டே திரியும். இலையில வட்ட வட்டமா ஓட்டை இருந்தா இதுங்க வேலை. அடுத்து கொம்புப்புழு, விரல் நீளத்துக்கு வளரும், வால்ல ஒரு கொம்பு, ஒரு ராத்திரில ஒரு கிளையை மொட்டையாக்கும். புழுவைத் தேடாதீங்க, கீழ மிளகு மாதிரி பெரிய எச்சம் கிடக்குதான்னு பாருங்க, அதுக்கு நேர் மேல தான் ஐயா உக்காந்திருப்பாரு. கையால பொறுக்கிடலாம். உழும்போது மண்ணுல பழுப்பு நிறத்துல, ஜாடிக்கு கைப்பிடி வச்ச மாதிரி வளைஞ்ச தும்பிக்கையோட ஒரு கூட்டுப்புழு கிடைச்சா அது இதோடது தான், நசுக்கிடுங்க.

புதுசா வர்றவங்க இலைக்கு பதறுற அளவுக்கு இந்தப் பயிர் பதறாது. கொடி நல்லா படர்ந்தப்புறம் கொஞ்சம் இலை போனா கிழங்கு விளைச்சல்ல பெருசா அடி விழாது, திரும்ப தழைச்சிடும். நட்ட முதல் மாசத்துல, இலையே பத்து இருபது தான் இருக்கும்போது தின்னா மட்டும் உடனே கை வைக்கணும். புழு சின்னதா இருக்கும்போது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கிற பாக்டீரியா மருந்து (சுருக்கமா பி.டி.) அடிக்கலாம், பெருசானா அதுவும் சரியா கேக்காது. ஆமை வண்டுக்கு சாதாரண பி.டி. ஒத்து வராது, அது அந்துப்பூச்சியோட புழுவுக்குத் தான்.

வெள்ளை ஈயும் அசுவினியும் வேற கதை. அது உறிஞ்சுற சாறு பெரிய நஷ்டம் இல்ல, கொண்டு வர்ற வைரஸ் தான் நஷ்டம். அசுவினி ஒரு வைரஸைப் பரப்பும், வெள்ளை ஈ இன்னொண்ணை. அசுவினி கொண்டு வர்றது மட்டும் இருந்தா செடி பெரும்பாலும் தாக்குப் பிடிக்கும், ரெண்டும் ஒரே செடியில சேர்ந்துச்சுன்னா இலை நார் மாதிரி சுருங்கி செடி குட்டையாகி கிழங்கே இறங்காம போயிடும். இதுக்கு மருந்து கிடையாது. முதல் மாசத்துல அப்படி ஒரு செடியைக் கண்டா அன்னைக்கே பிடுங்குங்க, "பாக்கலாம் தேறிடும்"னு விட்டா அதுலேர்ந்து நாலு பக்கமும் பரவும். பூச்சி கூட்டத்துக்கு இலையோட அடிப்பக்கம் நனையிற மாதிரி வேப்பெண்ணெய்க் கரைசல், சாயங்காலமா. மேல மட்டும் தெளிச்சுட்டு வர்றதுக்கு சும்மா இருக்கலாம். அடுத்த வருஷத்துக்கு கொடி எடுக்கப் போற பாத்தியில மட்டும் இந்த விஷயத்துல ரொம்ப கறாரா இருங்க.

10. தண்டு துளைப்பான்

செடிக்கு அடியில மண்ணுமேல ஈரமா, பழுப்பா, மரத்தூள் மாதிரி எச்சம் குவிஞ்சிருந்தா அது கூன்வண்டு இல்ல, ஓம்ஃபிசாங்கிற அந்துப்பூச்சியோட புழு. தண்டு உப்பி, உள்ள பொந்தாகி, மேல இருக்கிற கொடி வாடும். சின்ன வயசுல வந்தா கிழங்கே இறங்காது. இதுக்கும் வழி நுனிக்கொடியும் மண் அணைக்கிறதும் தான், மண்ணை ஏத்தும்போது அந்துப்பூச்சி வெளிய வர்ற ஓட்டை அடைபடும். வாடின கொடியை அடியோட எடுத்துடுங்க.

11. நாள் தள்ளாம தோண்டுங்க

கிழங்கு முத்திடுச்சுன்னா எடுத்துடணும். விலை ஏறட்டும்னு மண்ணுலயே விட்டு வைக்கிறது சேமிப்பு ஆகாது, அது வண்டுக்குப் போடுற சாப்பாடு. பெரும்பாலும் விட்டு வச்ச அந்த ரெண்டு மூணு வாரத்துல தான் பாதிக்குப் பாதி கெடுது. உங்க ரகத்துக்கு எத்தனை நாளோ அதை ஒட்டி நாலு செடியைத் தோண்டிப் பாத்து, அளவு சரியா இருந்தா மொத்தமா எடுங்க. எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுக்க ஆள் இல்லன்னா பழைய வயலை ஒட்டின வரிசையிலேர்ந்து ஆரம்பிங்க.

தோண்டின கிழங்கை ராத்திரி வயல்ல குவிச்சு வைக்காதீங்க, அதுமேல கொடியைப் போட்டு மூடவும் செய்யாதீங்க. வெயிலுக்கு மறைப்புன்னு தான் போடறாங்க, அந்தக் கொடியிலேர்ந்து வண்டு நேரா கிழங்குல இறங்கிடும்.

12. பிரிச்சு, ஆத்தி, வைங்க

கூன்வண்டு வீட்டுக்குள்ளயும் பெருகும், இது நிறைய பேருக்குத் தெரியாது. ஒரு மூட்டையில துளை விழுந்த கிழங்கு ரெண்டு இருந்தா ஒரு மாசத்துல பக்கத்து மூட்டைக்கும் போயிடும். அதனால வயல்லயே பிரிங்க, துளை, மூடின குழி, கழுத்துல கறுப்பு, எது இருந்தாலும் தனி.

நல்ல கிழங்கை 29 லேர்ந்து 32 டிகிரி செல்சியஸ் வெப்பம், நல்ல ஈரக்காத்து இருக்கிற இடத்துல நாலு நாள்லேர்ந்து ஒரு வாரம் வச்சா தோண்டும்போது பட்ட காயம் தோல் கட்டிடும். அப்புறம் 13 லேர்ந்து 16 டிகிரியில வைக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, அந்தக் குளிர்ல கிழங்கு கெட்டுடும்.

துளை விழுந்ததை ஆடு மாட்டுக்குப் போட்டுடலாம்னு நினைக்காதீங்க. புழு கடிச்சா கிழங்கு தன்னைக் காப்பாத்திக்க கசப்பான பொருளைச் சுரக்கும், லேசா கடிச்சிருந்தாலே கசக்கும், வேகவச்சாலும் போகாது. பூஞ்சாணமும் சேர்ந்துட்டா அதைத் தின்ன மாட்டுக்கு நுரையீரல் பாதிச்சு மூச்சு முட்டி சாகிற அளவுக்குப் போகும். எரிச்சிடுங்க, இல்ல ஆழமா குழி வெட்டிப் போட்டு மண்ணை மிதிச்சு இறுக்குங்க. மேலாப்புல புதைச்சா வண்டு வெளிய வந்துடும்.

13. வயலைக் காலி பண்ற வேலை

கிழங்கு வீட்டுக்குப் போயாச்சுன்னதும் எல்லாரும் ஓய்ஞ்சிடறாங்க, அடுத்த பயிருக்கான வண்டு அப்போ தான் தயாராகுது. கொடியை வாரி எடுத்து அன்னைக்கே அப்புறப்படுத்துங்க, அடித்தண்டை விடாம பிடுங்குங்க. ஒரு உழவு ஓட்டி மேல வர்ற துண்டுக் கிழங்கைப் பொறுக்குங்க, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை, அப்போ முளை விட்டிருக்கும், கண்ணுக்கு சுலபமா தெரியும். தண்ணி வசதி இருந்தா நிலத்தைக் கொஞ்ச நாள் முழுக அடிச்சு நெல் போட்டுடலாம், மிச்சம் இருக்கிற கிழங்கு அழுகி வண்டுக்கு இடம் இல்லாம போயிடும்.

பொறியை மட்டும் கழட்டாதீங்க. காலி வயல்ல இன்னும் ஒரு ரெண்டு மாசம் மாத்திரை மாத்தி வைங்க. உண்ண எதுவும் இல்லாத நிலத்துல வாரத்துக்கு வாரம் வண்டு விழுந்துக்கிட்டே இருந்தா பக்கத்துல எங்கயோ முளைச்ச கொடியோ புதைஞ்ச கிழங்கோ இருக்குன்னு அர்த்தம், எந்தப் பக்கத்துப் பொறியில அதிகமா விழுதோ அந்தப் பக்கம் நடந்து போய்த் தேடி எடுத்துடுங்க.